கதையா, வாக்குமூலமா: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: ஐயா, நான் விசுவமடுப் பக்கம். 2009 இறுதிப் போரில் மாத்தளன் வரை ஓடி, மெனிக் பாம் முகாமில் இருந்து வந்த அனுபவங்களைச் சிறுகதைகளாக எழுதி 300 பிரதி அச்சிட்டேன். ஒரு கதையில், பங்கருக்குள் ஒளித்திருந்த என் தம்பியை, பிள்ளை பிடிக்க (கட்டாய ஆட்சேர்ப்புக்கு) வந்த இயக்கத்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்த அயலவர் வருகிறார். பெயரை மாற்றித்தான் எழுதினேன். இப்போது அவர் சட்டத்தரணி மூலம் 50 லட்சம் ரூபாய் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தம்பி இன்றுவரை இல்லை. அம்மாவும் அழுதழுதே போய்விட்டா. உண்மையை எழுதியது குற்றமா?

பதில்: குற்றமில்லை. 2002இலேயே அவதூறு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு.

அம்மாவின் கண்ணீரையும், அந்த மனிதர் இன்று வசதியாக இருப்பதையும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை ஒதுக்கி வையுங்கள். ஊரார் கதையை வாசித்தால் ஆளைத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. குளக்கட்டடிச் சங்கக்கடை, நொண்டும் கால், நீல லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். பெயரைத் தவிர அவருடைய எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். தெரியத்தான் செய்யும்.

எங்கள் சட்டத்தில் உண்மை மட்டும் காப்பாற்றாது. அதைச் சொன்னதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். அது இங்கே இருக்கிறது என்று வாதாடலாம். உண்மையை நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. அவர் காட்டிக்கொடுத்ததைக் கண்ணால் கண்டவர் யார்? அம்மா சொல்லித்தான் உங்களுக்கே தெரியும். அம்மா இல்லை.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயம். கடிதம் வந்த இரவே முகநூலில் எழுத உட்காருவதுதான் இப்படி வருபவர்களின் வழக்கம். 'ஆம், அவர்தான், எழுதியது அத்தனையும் உண்மை' என்று போடுவார்கள். நீங்களும் ஒரு பதிவு எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அழித்துவிடுங்கள். கதை கற்பனை, அவர் அதில் இல்லை என்பது ஒரு வாதம். கதை உண்மை, நிரூபிக்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாயால் சொன்னால் நீதிபதி இரண்டையும் நம்பமாட்டார். உங்கள் முன்னுரையோ 'ஒரு சொல்கூடக் கற்பனையில்லை' என்று பெருமைப்படுகிறது. எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டியதில்லை. வெளியீட்டு விழாப் பேச்சு யூடியூபில் இருந்தால் அதையும் பாருங்கள். கனடாவில் இருக்கும் மச்சான் உங்கள் பதிவின் கீழ் ஆளின் பெயரைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார், அழைப்பாணை உங்கள் வீட்டுக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு. அன்று வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவரைச் சாட்சியாக அழைக்கலாம் என்கிறீர்கள். அவர் முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து, பிள்ளைகளோடு இருக்கிறார். குறுக்குவிசாரணையில் அவருடைய பழைய வாழ்க்கை முழுவதும் பதிவாகும். 2020இல் ஒரு கவிதைத் தொகுப்புக்காக மன்னார்ப் பக்கத்து இளம் கவிஞர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை, விடுதலை 2023 டிசம்பரில். உங்களுக்கு அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாட்சி கூண்டில் ஏறமாட்டார், ஏறச் சொல்லவும் கூடாது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். 50 லட்சம் பேரம் பேசும் தொகை, அதைக் கண்டு நித்திரை கெட வேண்டாம். மிச்சப் பிரதிகளை விற்பதில்லை, அடுத்த பதிப்பில் கடை, கால், லாண்ட்மாஸ்டர், ஊர் எல்லாவற்றையும் மாற்றுவேன், அந்த முன்னுரை வராது என்று உங்கள் சட்டத்தரணி மூலம் பதில் அனுப்புங்கள். 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற தலைப்பு அதில் இருக்கட்டும்; சமாதானத்துக்காகச் சொன்னதை ஒப்புதலாக எடுக்கக்கூடாது என்பது அதன் பொருள். கதை இதனால் கெட்டுப்போகாது, இன்னும் நன்றாக வரக்கூடும்.

தம்பியைப் பற்றிய உண்மை பதிவாக வேண்டுமென்றால், காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தில் முறைப்பாடாகக் கொடுங்கள், பெயர்களோடு. புத்தகத்தில் வேண்டாம்.

கோயில் தலைவரோ பாதரோ நடுவில் வந்து, 'ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு பிள்ளை, முடிஞ்சுது' என்பார். உங்கள் கையெழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள். வழக்குப் போட அந்த அயலவருக்கு இரண்டு வருடம் இருக்கிறது, அந்தக் கடிதமே முதல் ஆவணமாக வந்து நிற்கும்.