லாரி டிரைவர் வேலை போய்விட்டது, அடுத்த வேலையை எப்படிப் பிடிப்பது?

ஆறு வருடம் டிரெய்லர் ஓட்டியிருக்கிறீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது குடோன் கேட் தூணில் இடித்ததற்காக நிறுத்திவிட்டார்கள். அடுத்த இடத்தில் இதைச் சொல்வதா மறைப்பதா, எங்கே போய்த் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் பதில். எப்படிச் சொல்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோபத்தில் கிளம்பி வருகிற பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

பழைய இடத்துக் கணக்கை முழுதாக முடியுங்கள். ஒரிஜினல் லைசென்ஸ் ஆபீஸில் இருந்தால் முதலில் அதைக் கையில் வாங்குங்கள். சாவி, டீசல் கார்டு, ஜாக்கி, வீல் ஸ்பேனர், தார்ப்பாய், கயிறு, பெல்ட், ஸ்டெப்னி என ஒப்படைத்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் அதே பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். வண்டியை நாலு பக்கமும், டயர்கள், கிலோமீட்டர், டீசல் முள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியைக் காணோம், டீசல் குறைகிறது என்று பாக்கிச் சம்பளத்தில் கை வைப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியல் இல்லாத இடத்தில்தான்.

அனுபவக் கடிதம் கேளுங்கள். பாராட்டி எழுதித் தரச் சொன்னால் தயங்குவார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வண்டி, என்ன லோடு, இவ்வளவு மட்டும் போதும் என்று கேட்டால் கொடுப்பது அவர்களுக்கும் சுலபம். இடித்த அன்று எடுத்த போட்டோ, இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கை இருந்தால் நகல் வாங்கிவையுங்கள். வாயால் சொல்லச் சொல்ல சேதம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு மூலை நசுங்கியதுதான் என்று காட்ட உங்களுக்கு வேறு சாட்சி இல்லை. லைசென்ஸ் முடியும் தேதி, மருத்துவச் சான்று, உங்கள் பெயரில் கட்டாத அபராதம் ஏதாவது நிற்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வேலை கைக்கு வரும் நேரத்தில் இவை தெரியவந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

இனி, சொல்கிற விதம். புது முதலாளி பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டால் கதை தெரிந்துவிடும். நீங்கள் சொன்னதும் அவர்கள் சொன்னதும் ஒத்துப்போனால், இடித்தது ஒரு விபத்தாக நின்றுவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் அதோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும், அதை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே நாலே வாக்கியம்: "போன மாதம் குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லரின் பின் மூலை கேட் தூணில் பட்டது. யாருக்கும் அடி இல்லை. எனக்குத் தெரியாத பக்கத்தை இறங்கிப் பார்க்காமல் எடுத்தேன், என் மேல்தான் தப்பு. இப்போது இறங்கிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பதில்லை." இதோடு நிறுத்துங்கள். கேட் குறுகல், வாட்ச்மேன் சரியாகக் கை காட்டவில்லை, பழைய முதலாளி ஏற்கெனவே என்னை நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்று ஆரம்பித்தால், அத்தனையும் உண்மையாகவே இருந்தாலும், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று எதிரில் இருப்பவர் நினைப்பார்.

கான்ட்ராக்ட் முடிந்து வேலை போனவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஒரு வரியில் சொல்லிவிடலாம். லைசென்ஸே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அது திரும்பக் கிடைக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது, வழக்கும் உங்கள் மேல் வரும். லோடிங் மேற்பார்வை, ஒர்க்‌ஷாப், டயர் பிரிவு போன்ற வேலைகளில் அதே தொழிலுக்குள்ளேயே இருங்கள்.

தேடுகிற இடத்துக்கு வருவோம். விளம்பரம் பார்த்துப் போன் செய்வதைவிட, லோடு ஏறுகிற இடங்களில் போய் நிற்பது சீக்கிரம் பலன் தரும். எந்தக் கம்பெனி வண்டிக்கு ஆள் இல்லாமல் லோடு கிடக்கிறது என்பது குடோன் சூப்பர்வைசருக்கும் எடைமேடைக்காரருக்கும்தான் முதலில் தெரியும். வண்டிகளையும் பாருங்கள். டயர் மொட்டையாக, லைட் உடைந்து, தார்ப்பாய் கிழிந்து நிற்கிற வண்டிகளின் முதலாளி டிரைவர் சம்பளத்தைத் தேதியில் கொடுப்பார் என்று நம்ப இடமில்லை. அந்த வண்டி டிரைவரிடமே, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் ஏன் போனார் என்று கேளுங்கள். டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போன் செய்தால் வண்டி அனுப்புகிற பரபரப்பான நேரத்தைத் தவிருங்கள். வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நிரந்தர வேலைக்குக் காத்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கவும் வேண்டாம். ஆக்டிங் டிரைவராகப் போங்கள். கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்ற கேள்விக்கு, போன வாரம் என்று சொல்ல முடிவது பெரிய பலம். ஒரு பக்கத்தில் விவரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: லைசென்ஸ் வகை, ஓட்டிய வண்டிகள், எத்தனை ஆக்சில், எத்தனை டன், மேனுவல் கியரா ஆட்டோமேட்டிக்கா, கன்டெய்னர், டேங்கர், குளிர்பதன வண்டி இவற்றில் எது பழக்கம். பழக்கம் இல்லாததை எழுதாதீர்கள். பாதி நிரம்பிய டேங்கரில் பிரேக் போட்டதும் உள்ளே இருக்கிற திரவம் முன்னால் வந்து வண்டியைத் தள்ளும். அதைத் தெரியாதவர் முதல் சிக்னலிலேயே மாட்டிக்கொள்வார்.

வேலை உறுதியாவது பெரும்பாலும் வண்டி ஓட்டிக் காட்டும்போதுதான். சாவி கையில் வந்ததும் ஏறி உட்காராதீர்கள், முதலில் ஒரு சுற்று வாருங்கள். வீல் நட்டிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தால் அந்த நட்டு லூஸாக இருக்கலாம். இரட்டை டயருக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா, ஹப்பில் ஆயில் கசிகிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு டார்ச் அடித்து பிப்த் வீலை, அதாவது முன் வண்டியில் டிரெய்லரைக் கோக்கிற தட்டைப் பாருங்கள். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிதான் கிங் பின், அதைச் சுற்றி பிப்த் வீலின் லாக் முழுதாக மூடியிருக்க வேண்டும். பிப்த் வீல் தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் டிரெய்லர் உயரத்தில் நிற்கும்போது கோத்திருக்கிறார்கள், கிங் பின் லாக்குக்குள் இறங்காமல் இருக்கலாம். அப்படியே எடுத்தால் டிரெய்லர் வழியில் கழன்றுவிடும். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி சின்ன கியரில் முன்னால் ஒரு இழு இழுத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

அடுத்தது ஏர், அதாவது பிரேக்கை இயக்குகிற காற்றழுத்தம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஏர் முழுதாக ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டிரெய்லர் கோத்த வண்டியில் மீட்டரில் அழுத்தம் 4 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அளவு) மேல் இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது. சாவியை ஆனில் வைத்துப் பிரேக்கை மிதித்து மிதித்து ஏரை இறக்கினால் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. அருகில் எச்சரிக்கை விளக்கு வர வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் அமைதியாகச் சொல்லுங்கள். இதைச் செய்கிற டிரைவரைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பவருக்குப் பாதி கவலை போய்விடும்.

ரிவர்ஸில்தான் உங்களை உற்றுக் கவனிப்பார்கள். நிறுத்துங்கள், ஹசார்ட் போடுங்கள், இறங்கிப் பின்னால் வரை நடந்து போங்கள். தரையையும் இரண்டு மூலைகளையும் பார்ப்பதோடு, மேலே கம்பி, கூரை விளிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜன்னலை இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள். கை காட்டுபவரைக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள், அவர் மறைந்த கணத்தில் பிரேக் போடுங்கள். முடிந்தால் உங்கள் பக்கத்துக் கண்ணாடியில் டிரெய்லரின் வால் தெரிகிற மாதிரி வளைத்து எடுங்கள். கோணம் கெட்டால் முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். இரண்டு மூன்று முறை எடுத்தால் மானம் போய்விடும் என்று நினைத்து ஒரே மூச்சில் நுழைக்கப் பார்ப்பவர்தான் தூணில் இடிப்பார். சந்தேகம் வந்தால் பாதியிலும் இறங்கிப் பாருங்கள்.

பிடித்துப்போய் நாளைக்கே வரச் சொன்னால், அன்றைக்கே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். சம்பளம் மாதக் கணக்கா, டிரிப் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? பேட்டா தனியா? லோடு ஏற்ற இறக்க நிற்கிற நாளுக்கு என்ன தருவார்கள்? டயர் வெடித்தால், சரக்கு குறைந்தால், ஓவர்லோடு அபராதம் வந்தால் யார் கையிலிருந்து போகும்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் யோசியுங்கள், மாதம் முடிந்ததும் சம்பளத்தில் ஓட்டை விழுவது அங்கேதான். ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்துக்கும், எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்கிற இடத்துக்கும் போகாதீர்கள். கையில் காசில்லாத நேரத்தில் எதற்கும் தலையாட்டத் தோன்றும், அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.

முதல் டிரிப்புக்கு முன் வண்டியின் இன்சூரன்ஸ், தகுதிச் சான்று, பெர்மிட் தேதிகளை உங்கள் கண்ணால் பாருங்கள். ஏற்கெனவே இருக்கிற கீறல், நசுங்கலையெல்லாம் போட்டோ எடுத்துப் புறப்படும் முன்பே ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்கள். புதிதாகச் சக்கரம் மாற்றிய வண்டி என்றால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.