776 என்ற எண்ணும் ஒரு வக்கீலும்: ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ கேள்வி பதில்

வக்கீலும் குற்றக் கும்பலும் பின்னிக்கிடக்கும் பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே படத்தைப் பற்றியவை: 1948-இல் ஆபிரகாம் போலான்ஸ்கி இயக்கிய ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’. எனக்கு மகிழ்ச்சிதான். இந்த வகையில் இதற்கு மேலான படத்தை நான் பார்த்ததில்லை. முடிவைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கேள்வி: கதையை நான்கு வரியில் சொல்ல முடியுமா? (மதுரை வாசகி)

ஜோ மோர்ஸ் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் அலுவலகம் வைத்திருக்கும் இளம் வக்கீல். அவனுடைய பெரிய கட்சிக்காரன் டக்கர், நகரத்தின் நம்பர் சூதாட்டம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர நினைப்பவன். அதற்குச் சட்டப் போர்வை தைத்துக்கொடுப்பவன் ஜோ. டக்கர் விழுங்கப்போகும் சின்னச் சின்ன சூதாட்டக் கடைகளில் ஒன்று ஜோவின் அண்ணன் லியோவுடையது. தம்பியைப் படிக்கவைத்து வக்கீலாக்கியவன் அந்த அண்ணன்தான்.

கேள்வி: ஜூலை 4, 776 என்கிறார்கள், எல்லோரும் பதறுகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் ஊர் மூன்று நம்பர் லாட்டரி மாதிரியா? (திருப்பூர் வாசகர்)

ஏறக்குறைய அதேதான். 000 முதல் 999 வரை ஒரு மூன்று இலக்க எண்ணில் பணம் கட்டுவார்கள், ஐந்து காசு பத்துக் காசு கட்டுகிற ஏழைகள்தான் அதிகம். குதிரைப் பந்தயத்தில் அன்று விழுந்த பணத்தொகையின் இலக்கங்களிலிருந்து வெற்றி எண் பிறக்கும். அந்தத் தொகை நாளிதழிலேயே வந்துவிடும் என்பதால், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. (பம்பாய் மட்கா ஆட்டமும் இப்படி வெளியே அச்சாகும் ஓர் எண்ணில்தான் தொடங்கியது. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை இலக்கங்களை வைத்து ஆடினார்கள்.)

இப்போது கணக்கைப் பாருங்கள். ஜெயித்தால் ஒன்றுக்கு 600 என்பது அக்கால வழக்கம். ஆயிரம் எண்களிலும் எண்ணுக்கொரு டாலர் விழுந்தால் வரவு 1000, பட்டுவாடா 600. மீதியில் பணம் வசூலிக்கும் ஆட்களின் கமிஷன் போகக் கடைக்காரனுக்கு லாபம். பணம் எல்லா எண்களிலும் பரவி விழும் வரைக்கும்தான் இந்தக் கணக்கு நிற்கும். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது 1776, ஜூலை 4. அதனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கூட்டம் கூட்டமாக 776-இல் கட்டுகிறார்கள். ஆயிரத்தில் 300 டாலர் அந்த ஓர் எண்ணில் விழுந்து அதுவே வந்துவிட்டால், பட்டுவாடா 1,80,000. வரவோ அதே 1000. எந்தச் சின்னக் கடையும் அன்றே சாய்ந்துவிடும். டக்கர் 776-ஐ வரவழைக்கிறான். மறுநாள் கடன் கொடுக்கிறவனாக வந்து நிற்கிறான்.

தேசப்பற்றால் எளியவர்கள் கட்டிய காசே அவர்களுக்குத் தெரிந்த கடைக்காரனைக் கவிழ்க்கிறது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, கூட்டல் பெருக்கல் மட்டும்தான். போலான்ஸ்கி படத்தை வால் ஸ்ட்ரீட்டில் தொடங்கியது இதற்காகத்தான் என்று நம்புகிறேன். பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தைத் தின்னும் முறை இதுதானே.

கேள்வி: இது உண்மைக் கதையா? (யாழ்ப்பாண வாசகர்)

ஐரா வோல்ஃபர்ட் 1943-இல் எழுதிய ‘டக்கர்ஸ் பீப்பிள்’ நாவல்தான் மூலம். திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. நாவலுக்குப் பின்னால் இருப்பது 1930-களின் நியூயார்க். ஹார்லெம் பகுதியின் நம்பர் ஆட்டத்தை வன்முறையால் கைப்பற்றியவன் டச் ஷுல்ட்ஸ். அவனுடைய வக்கீல் டிக்ஸி டேவிஸ். ஷுல்ட்ஸிடம் ஓட்டோ பெர்மன் என்றொரு கணக்குப் புலி இருந்தான். பந்தயத்தில் கடைசி நேரத்தில் எவ்வளவு பணம் கட்டினால் வெற்றி எண் எப்படி மாறும் என்பதை மனக்கணக்காகவே போடுவான். அவன் செய்தது அதிகம் பேர் கட்டிய எண் வராமல் பார்த்துக்கொள்வது. படம் அதைத் தலைகீழாக்கி, அதிகம் பேர் கட்டிய எண்ணையே வரவழைக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம்.

1935 அக்டோபரில் நியூவார்க் நகரத்து உணவகம் ஒன்றில் ஷுல்ட்ஸ், பெர்மன் இருவரையும் சுட்டார்கள், இருவரும் பிழைக்கவில்லை. வக்கீல் டேவிஸ் பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியானான். கும்பலுக்கு அரசியல் பாதுகாப்புக் கொடுத்த ஜிம்மி ஹைன்ஸ் மீது அரசு வழக்கறிஞர் தாமஸ் டூவி நடத்திய வழக்கில் சாட்சி சொன்னான். 1939-இல் ஹைன்ஸுக்குத் தண்டனை கிடைத்தது.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். கட்சிக்காரனின் ரகசியத்தைக் காப்பது வக்கீலின் கடமை. ஜோ அதைத்தானே செய்கிறான்? (சென்னை மாணவர்)

இல்லை. முடிந்துபோன குற்றத்தைப் பற்றி வக்கீலிடம் சொல்வதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு. நடக்கப்போகும் குற்றத்துக்கு வக்கீலையே கருவியாக்கினால் அது கிடைக்காது. அமெரிக்கச் சட்டத்திலும் அப்படித்தான், நம் பழைய சாட்சியச் சட்டம் 126-ஆம் பிரிவிலும் அப்படித்தான். இப்போது அது பாரதிய சாக்ஷிய அதிநியம் 132-ஆம் பிரிவு. ஜோ ஒரு வழக்கில்கூட டக்கருக்காக வாதாடுவதாகக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் திட்டம் தீட்டுகிறான், லாபத்தில் பங்கும் எதிர்பார்க்கிறான். வக்கீல் என்ற சொல் அவனுக்கு ஒரு நல்ல சட்டை, அவ்வளவுதான். போலான்ஸ்கியும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். எந்த இடத்தில் கோடு தாண்டப்படுகிறது என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்.

கேள்வி: லியோவும் சூதாட்டக் கடைக்காரன்தான். அவனுக்கு மட்டும் என்ன நேர்மை? தம்பி உதவ வந்தால் ஏன் இப்படிக் கத்துகிறான்? (கோவை வாசகி)

படத்தின் உயிரைத் தொட்டுவிட்டீர்கள்.

லியோவுக்குத் தானும் சுத்தமானவன் அல்ல என்பது தெரியும். மனைவியிடம் அவன் புலம்பும் இடம் ஒன்று உண்டு. முன்பு கார் நிறுத்தும் கேரேஜ் நடத்திய பேச்சு வருகிறது. ஒவ்வொரு காலன் பெட்ரோலுக்கும் மூன்று காசு கூடுதலாக வாங்கினோமே, இரண்டு டிரைவருக்கு, ஒன்று எனக்கு, ஒரு திருடனுக்கு ஒரு காசு, இன்னொரு திருடனுக்கு இரண்டு காசு என்கிறான். ஊருக்கு நல்லவனாகச் செய்த தொழிலிலும் திருடினோம் என்று ஒப்புக்கொள்கிற மனிதன் அவன். ஆனால் அவனுடைய கடையில் வேலை செய்பவர்கள் அவனுக்குப் பிள்ளைகள் மாதிரி. டோரிஸ் என்ற பெண்ணை மகளாகவே நடத்துகிறான். அவன் கத்துவது ‘நான் யோக்கியன்’ என்று நிரூபிக்க அல்ல. இதற்கு மேல் கீழே இறங்கமாட்டேன் என்று ஒரு படியில் காலை ஊன்றி நிற்கிறான். தம்பி வந்து அந்தப் படியிலிருந்தும் இழுக்கிறான், அதுவும் பாசத்தால்.

ஜோவின் பாசம் பொய் இல்லை. அதுதான் கொடுமை. அண்ணன் 776 நாளில் கடை திறக்கக்கூடாது என்பதற்காகப் போலீஸ் சோதனை வரும்படி ஜோவே செய்கிறான். லியோ மறுநாளும் திறக்கிறான், கவிழ்கிறான், கடைசியில் தம்பியின் கூட்டுக்குள் வந்து சேர்கிறான். எந்தப் பணம் அண்ணனை அழிக்கிறதோ அதே பணத்தைக் கொண்டு அண்ணனுக்கு நன்றிக்கடன் தீர்க்கப் பார்க்கிறான் ஜோ. அப்படித் தீர்க்கக்கூடிய கடனா அது?

லியோவாக நடித்த தாமஸ் கோமஸைக் கவனித்துப் பாருங்கள். இதய நோயாளியான ஒரு பருத்த மனிதர் மூச்சுவாங்கிக்கொண்டே கோபப்படுவதை இவ்வளவு உண்மையாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: லியோ கடையின் கணக்கர் பாவர் பாத்திரம் தேவையா? எரிச்சலூட்டுகிறான். (சேலம் வாசகர்)

கட்டாயம் தேவை. வேலையை விட்டுப் போகிறேன் என்று கெஞ்சும் ஒரே ஆள் அவன்தான். போகக்கூடாது என்கிறார்கள். எதிர்க்கும்பலின் ஆளிடம், கேங்ஸ்டர்களோடு எனக்குச் சம்பந்தம் வேண்டாம் என்கிறான். இது வியாபாரம், கேங்ஸ்டர் என்று ஏன் சொல்கிறாய் என்று பதில் வருகிறது. பயந்துபோய் லியோவை அந்தக் கும்பலிடம் காட்டிக்கொடுப்பவனும் அவன்தான், உடனே சாகிறவனும் அவன்தான்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும் ஓவியம் போல இருக்கிறது. எப்படி? (பெங்களூரு வாசகர்)

ஓவியம்தான் காரணம். ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் பார்ன்ஸ் ‘ரெபெக்கா’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர், அழகாக மென்மையாக ஒளியமைப்பவர். அந்த அழகு தனக்கு வேண்டாம் என்று போலான்ஸ்கி நினைத்தார். எட்வர்ட் ஹாப்பரின் ஓவியத் தொகுப்பு ஒன்றை வாங்கிவந்து பார்ன்ஸிடம் காட்டினார். ஆளில்லாத தெரு, ஒரு பக்கமிருந்து விழும் ஒளி, தனியாக ஒரு மனிதர். பார்ன்ஸ் உடனே பிடித்துக்கொண்டார். இரவில் வெறிச்சோடிய வால் ஸ்ட்ரீட்டில் ஜோ எறும்பாக நடந்துபோகும் ஷாட்டை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: வசனம் விசித்திரமாக இருக்கிறது. யாரும் அப்படிப் பேசுவதில்லையே? (திருச்சி வாசகி)

பேசுவதில்லைதான். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், வாக்கியம் தாளத்தோடு போகும். செய்யுளுக்கும் உரைநடைக்கும் நடுவே நிற்கும் பேச்சு அது. சப்டைட்டிலை மட்டும் நம்பாமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஜோவாக நடித்த ஜான் கார்ஃபீல்ட் அதைத் தெருப்பையன் வேகத்தில் பேசிவிடுவதால் செயற்கை தெரிவதில்லை.

கேள்வி: முடிவு சப்பென்று இருக்கிறது. திடீரென்று திருந்திவிடுகிறானே? (புதுச்சேரி வாசகர்)

கடைசி வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒத்துக்கொள்கிறேன். குற்றவாளி தப்பக்கூடாது என்று அன்று ஹாலிவுட்டில் தணிக்கை விதி இருந்தது. ஜோ சட்டத்தின் பக்கம் போவதாகச் சொல்லாமல் படத்தை முடித்திருக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பாருங்கள். லியோவின் உடலை எங்கே போட்டார்கள் என்று தெரிந்ததும் விடியற்காலையில் ஜோ அங்கே போகிறான். தலைக்கு மேலே ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், பிரம்மாண்டமாக. அவன் படிக்கட்டில் இறங்குகிறான், பாறைகளுக்கு இறங்குகிறான், ஆற்றங்கரையில் கலங்கரை விளக்கம், இன்னும் இறங்குகிறான். உலகத்தின் அடிக்கே போவதுபோல இருந்தது என்று அவன் குரல் சொல்கிறது. படம் முழுக்க மேலே ஏறுவதையே பேசிக்கொண்டிருந்தவன். அங்கே அண்ணன் வேண்டாத குப்பை போலக் கிடக்கிறான். இதைப் பார்த்த பிறகு அவன் திருந்தினானா இல்லையா என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கேள்வி: இந்த இயக்குநர் வேறு படமே எடுக்கவில்லையா? (கொழும்பு வாசகர்)

எடுக்கவிடவில்லை. இதுதான் அவர் இயக்கிய முதல் படம். 1951-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு கம்யூனிஸ்டுகள் யார் யார் என்று கேட்டபோது போலான்ஸ்கி பெயர் சொல்ல மறுத்தார். கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். பிறர் பெயரில் எழுதிப் பிழைத்தார். இரண்டாவது படத்தை இயக்கியது 1969-இல். இடையில் இருபத்தோரு ஆண்டுகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கார்ஃபீல்டும் அதே குழுவின் முன் நின்றார், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, வாய்ப்புகள் அற்றுப்போயின. 1952 மே மாதம் இதயக் கோளாறால் இறந்தார். வயது 39.

படம் 1994-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. போலான்ஸ்கி அப்போது உயிரோடு இருந்தார்.

கேள்வி: அடுத்து எதைப் பார்க்கலாம்? (மதுரை வாசகி, மறுபடியும்)

போலான்ஸ்கி எழுதி கார்ஃபீல்ட் நடித்த ‘பாடி அண்ட் சோல்’, 1947. குத்துச்சண்டைப் படம், ஆனால் பணம் மனிதனை வாங்குவதுதான் அங்கேயும் கதை. வக்கீல் கதைதான் வேண்டும் என்றால் நிக்கோலஸ் ரே இயக்கிய ‘பார்ட்டி கேர்ள்’, 1958. அதில் காலை இழுத்து நடக்கும் வக்கீல் அந்த ஊனத்தையே ஜூரிகளின் இரக்கத்தைச் சம்பாதிக்கப் பயன்படுத்துவான். அவன் கடிகாரத்தை எடுத்து அவர்களிடம் பேசும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.