டிஸ்னி வேர்ல்டில் வரிசையைத் தாண்ட எவ்வளவு கொடுக்கலாம்?

அமெரிக்காவில் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருப்பதால் பல குடும்பங்கள் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குக் கிளம்புகின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அங்குள்ள தீம் பார்க்குகளில் வரிசையைத் தாண்ட உதவும் பாஸ், கையில் கட்டும் பேண்ட் பற்றியவை என்பதால் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டல்லாஸிலிருந்து ஐந்து பேர் போகிறோம். நாங்கள் இருவர், 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண், என் அம்மா. டிஸ்னியின் நான்கு பார்க்குகளுக்கும் தலா ஒரு நாள் வைத்திருக்கிறோம். ‘லைட்னிங் லேன் மல்டி பாஸ் இல்லாமல் போகவே கூடாது’ என்கிறார் ஒரு நண்பர். ‘வீண் செலவு’ என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் இரண்டு நண்பர்களிடமும் எந்த மாதம், எந்தப் பார்க்குக்குப் போனார்கள் என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் போனவருக்கும், செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அனிமல் கிங்டம் போனவருக்கும் அனுபவம் ஒன்றாக இருக்காது. இந்தப் பாஸைப் பற்றிப் பயணிகள் சொல்லும் முரண்பட்ட கருத்துகளில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

பாஸ் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைட்னிங் லேன் என்பது பணம் கட்டியவர்கள் சீக்கிரம் ஏறுவதற்கான தனி வரிசை. மல்டி பாஸ் வாங்கினால் ஒரு பார்க்கில் மூன்று ரைடுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர அவகாசம் உண்டு. குறித்ததில் ஒன்றைப் பயன்படுத்தியதும் ஆப்பில் அடுத்த ரைடைச் சேர்க்கலாம். அதற்கடுத்ததையும் இதே முறையில்தான், ஒவ்வொன்றாக. ஒரு ரைடுக்கு ஒரு நாளில் ஒரு முறைதான். ட்ரான், கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி, ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் போன்ற பெரிய ரைடுகள் மல்டி பாஸில் வராது. அவற்றுக்கு சிங்கிள் பாஸ் என்று தனியாகப் பணம் கட்ட வேண்டும். முதல்முறை போகும் பலர் ஏமாற்றமடையும் இடம் இது. மல்டி பாஸ் வாங்கிவிட்டதால் எல்லாம் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை: மேஜிக் கிங்டம், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் இரண்டுக்கும் மட்டும் வாங்குங்கள். மேஜிக் கிங்டமில் சின்னப் பிள்ளைகள் ஏறக்கூடிய ரைடுகள் நிறைய. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ரைடுகள் குறைவு, ஆனால் வரிசைகள் நீளம். அங்கே ஸ்லிங்கி டாக் டேஷ் நேரங்கள் முதலில் தீர்ந்துவிடும், அதை முதலில் பிடியுங்கள். அனிமல் கிங்டமில் ரைடுகளின் எண்ணிக்கையே குறைவு. காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருந்தால் பாஸ் இல்லாமல் சமாளிக்கலாம். எப்காட்டையும் அப்படியே பார்க்கலாம், அங்கே பாதி நாள் பல நாட்டு அரங்குகளிலேயே போய்விடும்.

அப்புறம், ஐந்து பேருக்கும் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாஸ் ஆளுக்குத் தனித்தனி. அம்மா வேகமான ரைடுகளில் ஏறமாட்டார் என்றால் அவருக்கு ஏன் வாங்க வேண்டும்? கூட்டமான நாளில் மேஜிக் கிங்டமுக்கு ஆளுக்கு 30 டாலரையும் தாண்டும், வரி தனி. ஒரு ஆளைக் குறைத்தாலே ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். ஆனால் அம்மாவும் பேத்தியும் சேர்ந்து போகும் மெதுவான ரைடுகள்தான் உங்கள் நாளின் பெரும்பகுதி என்றால் அவருக்கும் வாங்கிவிடுங்கள். பேத்தி பாஸ் வரிசையிலும் பாட்டி வெயிலிலும் நிற்பது சரியாக வராது.

பணம் கட்டுவதற்கு முன் பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். ட்ரானுக்கு 122 செ.மீ., ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கு 112, கார்டியன்ஸுக்கு 107, ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு 102 வேண்டும். உங்கள் 5 வயதுப் பெண் முதல் இரண்டில் ஏற முடியாமல் போக வாய்ப்பு அதிகம். அப்படியானால் ‘ரைடர் ஸ்விட்ச்’ கேளுங்கள், அது இலவசம். ஒருவர் பையனோடு சாதாரண வரிசையில் போய்வர, மற்றவர் பெண்ணோடு வெளியே இருக்கலாம். பிறகு இவர் முழு வரிசையிலும் நிற்காமல் ஏறிவிடலாம். ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் நீங்களாகக் கேட்க வேண்டும்.

நேரம் குறிப்பது காலை 7 மணிக்குத் திறக்கும். டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு வந்து சேரும் நாளுக்கு 7 நாள் முன்பு, மற்றவர்களுக்குப் போகும் நாளுக்கு 3 நாள் முன்பு. அது ஃப்ளோரிடா நேரம், டல்லாஸில் அப்போது காலை 6. முதல் மூன்று ரைடுகளையும் முடிந்தவரை காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் ஒன்றை முடித்தால்தான் சீக்கிரம் அடுத்ததைச் சேர்க்க முடியும். மாலைக்குத் தள்ளிவைத்துவிட்டு, ‘மூன்று ரைடுக்கா இவ்வளவு பணம்’ என்று வருந்துபவர்கள் நிறைய.

கேள்வி: மேஜிக்பேண்ட் வாங்கிக்கொண்டால் வரிசை குறையுமா? நான்கு பேருக்கு வாங்க 150 டாலருக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். (நியூ ஜெர்சி)

பதில்: ஒரு நிமிடம்கூடக் குறையாது. பேண்ட் என்பது டிக்கெட்டும் அறைச் சாவியும் மணிக்கட்டில் இருக்கும் வசதி, அவ்வளவுதான். வாசலில் தட்டலாம், லைட்னிங் லேனில் தட்டலாம், அறைக்கதவு திறக்கலாம், கடையில் பணம் செலுத்தலாம். இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை உங்கள் போனே செய்துவிடும். டிஸ்னி விடுதியில் தங்கினால் இதே வேலைகளைச் செய்யும் அட்டையும் இலவசமாகக் கிடைக்கும். 2020 வரை விடுதியில் தங்குபவர்களுக்குப் பேண்டையே இலவசமாகக் கொடுத்தார்கள். 2021 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

2022-ல் வந்த மேஜிக்பேண்ட் பிளஸ் சார்ஜ் செய்ய வேண்டிய வகை. அறிமுகமானபோது 35 டாலரில் தொடங்கியது. இரவு வாணவேடிக்கையோடு சேர்ந்து ஒளிரும், அதிரும். பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம் இருப்பது உண்மை. பயன்படுத்தியவர்களின் முக்கியக் குறை, அடிக்கடி சார்ஜ் போட வேண்டியிருப்பது. ஆனால் சார்ஜ் இறங்கினாலும் தட்டித் திறக்கும் வேலை நிற்காது. அதற்கு மின்கலம் தேவையில்லை, விளக்குக்கும் அதிர்வுக்கும் மட்டுமே தேவை. எனவே நடுவழியில் பேண்ட் அணைந்துபோனால் பதற வேண்டாம்.

பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களுக்குப் போனோ அட்டையோ போதும். வீட்டில் பழைய பேண்ட் கிடந்தால் அதையே கணக்கில் இணைத்துப் பார்க்கலாம், விளக்கு எரியாவிட்டாலும் தட்டுவதற்கு உதவும். பிள்ளைகளின் பேண்டில் பணம் செலுத்தும் வசதியை நிறுத்திவிடுங்கள். தொலைந்தால் ஆப்பிலேயே செயலிழக்கச் செய்யலாம்.

கையில் கட்டுவது உண்மையிலேயே வரிசை வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. ஆர்லாண்டோவிலேயே உள்ள இன்னொரு தீம் பார்க் நிறுவனமான யூனிவர்சலின் வால்கேனோ பே நீர்ப் பூங்கா 2017-ல் திறந்தபோதே டாபுடாபு என்ற பேண்டை நுழைவுக் கட்டணத்திலேயே சேர்த்துக் கொடுத்தது. சறுக்கின் அருகே தட்டிவிட்டு நீரில் இறங்கிவிடலாம், உங்கள் முறை வந்ததும் பேண்ட் சொல்லும். நீர்ப் பூங்காவில் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அங்கே இது பொருந்துகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சறுக்குக்குத்தான் இடம் பிடிக்கலாம். கூட்டம் அதிகமானால் பேண்ட் காட்டும் காத்திருப்பும் மணிக்கணக்கில் போகும். திறந்த புதிதில் எழுந்த புகார்கள் அதைப் பற்றித்தான்.

கேள்வி: 2016-ல் போனபோது இதெல்லாம் இலவசம். இப்போது அதே வரிசைக்குப் பணம் கேட்கிறார்கள். இது நியாயமா? (அட்லாண்டா)

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு.

வரிசையைத் தாண்டும் வசதி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்ற காகிதச் சீட்டாக வந்தது. டிக்கெட்டை இயந்திரத்தில் நுழைத்தால் திரும்பி வர வேண்டிய நேரம் அச்சாகும். 2013-ல் பேண்டும் ஆப்பும் சேர்ந்து ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் ஆனது. அந்தத் திட்டத்துக்கு சுமார் 100 கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. விடுதியில் தங்குபவர்கள் 60 நாள் முன்பும், மற்றவர்கள் 30 நாள் முன்பும் மூன்று ரைடுகளைக் குறித்துக்கொள்ளலாம், இலவசமாக. 2020-ல் கொரோனாவுக்குப் பிறகு பார்க் திறந்தபோது அதை நிறுத்தினார்கள். 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் என்று திரும்பி வந்தது. அடுத்த ஆண்டே நாளுக்கு நாள் விலை மாறத் தொடங்கியது. 2024 ஜூலையில்தான் மல்டி பாஸ் என்ற இப்போதைய பெயர். அதே ஆண்டு பிரீமியர் பாஸும் வந்தது. நேரம் குறிக்காமலே எல்லா லைட்னிங் லேனிலும் ஒருமுறை போகலாம், விலை கூட்டமான நாளில் மேஜிக் கிங்டமில் ஆளுக்கு 449 டாலர் வரை.

‘வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் விடு’ என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒரு ரைடில் மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும். பணம் கட்டியவரை முன்னால் விட்டால், கட்டாதவர் அந்த அளவுக்குப் பின்னால் போகிறார். வாங்காமல் விட்டவரும் தன் நேரத்தால் விலை கொடுக்கிறார். நுழைவுச் சீட்டுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து வந்தவர் அவர்.

இலவச முறையிலும் குறை இருந்தது, மறுக்கவில்லை. இரண்டு மாதம் முன்பே திட்டமிடத் தெரிந்தவர்கள் நல்ல நேரங்களை எடுத்துக்கொண்டார்கள். விவரம் தெரியாமல் வந்த குடும்பங்கள் மிச்சத்தில் நின்றன. இப்போது பணமும் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கப் போனையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பணம் கட்டியவர்களே அதிகம் சலித்துக்கொள்வது இதற்காகத்தான்.

நுழைவுச் சீட்டு வாங்கும்போதே அந்த நாளுக்கான பாஸ் விலையையும் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. முழுச் செலவு தெரிந்த பிறகுதான் ஒரு குடும்பம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். அதுவரை பட்ஜெட்டில் இந்தத் தொகையை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி, நீண்ட நேரம் நிற்க முடியாது. மாற்றுத் திறனாளிகளுக்கான இலவச வசதி கிடைக்குமா? (சார்லட்)

பதில்: டிஸ்னியில் கிடைப்பது கடினம். டாஸ் எனப்படும் அந்த வசதியை 2024-ல் சுருக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முதன்மையாக வைத்துவிட்டார்கள். வீடியோ அழைப்பில் பேசித்தான் முடிவு சொல்வார்கள். பொய் சொல்லி வாங்கியது தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே விடமாட்டார்கள், யாராவது ‘இப்படிச் சொல்லுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். பல ரைடுகளில் சாதாரண வரிசைக்குள்ளேயே அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். காத்திருப்பு குறையாது, நிற்கும் வலி குறையும்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பயன்படுத்தாத இரண்டு நாள் மீதமுள்ள டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? (டாம்பா)

பதில்: வேண்டாம். ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிய டிக்கெட் இன்னொருவருக்குச் செல்லாது. வாசலில் விரல் ரேகை பார்ப்பது அதைப் பிடிப்பதற்குத்தான். லைட்னிங் லேன் பாஸையும் கைமாற்ற முடியாது.

கேள்வி: யூனிவர்சலில் வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் நான்கு பேருக்கு வாங்கினால் விடுதி வாடகையைவிட அதிகம் வருகிறது. வேறு வழி உண்டா? (ஹூஸ்டன்)

பதில்: உண்டு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று விடுதிகளில் தங்கினால், அறையில் உள்ள எல்லோருக்கும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் இலவசம். யூனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் என்ற இரண்டு பார்க்குகளிலும் செல்லும். அறைக்கு வரும் நாள், காலி செய்யும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும் என்பதால் ஒரு இரவு வாடகைக்கு இரண்டு நாள் பாஸ் கிடைக்கிறது. கூட்டமான நாட்களில் ஒரு பாஸ் மட்டுமே 100 டாலரைத் தாண்டும். நான்கு பேர், இரண்டு நாள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு அறை வாடகையோடு ஒப்பிடுங்கள். ஒரு ரைடில் எத்தனை முறையும் ஏறலாம், நேரம் குறிக்கும் வேலையும் இல்லை. 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் பார்க்குக்கு இது செல்லாது, அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள்.