வாசகர் கேள்வி – பதில்: ஐவர் ஏறிய விமானமும் மீண்டு வந்த ஒருவரும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது அலாஸ்காவில் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்து நொறுங்கியதாகவும், அதில் சென்றவர்களில் ஒருவர் மட்டும் 84 நாள் பனிக்காட்டில் தன்னந்தனியாக இருந்து உயிர் பிழைத்ததாகவும் கேள்விப்பட்டேன். இதை நம்பலாமா? போர்முனை இல்லாத இடத்தில் குண்டுவீச்சு விமானத்துக்கு என்ன வேலை? (திருநெல்வேலி வாசகர் ஒருவர்)

பதில்: தாராளமாக நம்பலாம். இது நாளும் இடமும் பெயர்களும் ஆவணங்களில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி. உயிர் பிழைத்தவர் லியான் கிரேன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்தவர், அங்குள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) விமானப் பொறியியல் படித்தவர், அப்போது அவருக்கு வயது 24. விமானம் பி-24 லிபரேட்டர் வகையைச் சேர்ந்தது; நான்கு எஞ்சின் கொண்ட அந்த வகை விமானங்கள் போர்க்காலத்தில் 18,000க்கு மேல் தயாரிக்கப்பட்டன.

அலாஸ்கா போரை அறியாத பூமி அன்று. 1942 ஜூன் மாதத்தில் ஜப்பானியப் படைகள் அதன் மேற்கு விளிம்பிலுள்ள அட்டு, கிஸ்கா என்ற தீவுகளைப் பிடித்தன. அடுத்த ஆண்டில்தான் அமெரிக்கா அவற்றை மீட்டது. ஆனால் கிரேன் சென்ற விமானம் எந்தப் போர்முனைக்கும் அனுப்பப்பட்டதன்று. ஃபேர்பேங்க்ஸ் நகரை ஒட்டிய லாட் ஃபீல்ட் என்ற விமானத் தளத்தில், கடுங்குளிரில் விமானங்கள் எப்படி இயங்குகின்றன என்று சோதிப்பதற்காகவே ஒரு பிரிவு இருந்தது. குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படும், ரப்பர் விறைக்கும், கருவிகள் உறைந்து பொய் சொல்லும். இவற்றையெல்லாம் போர் விமானிகள் எதிரியின் வான்வெளியில் கண்டுபிடிக்கும்படி விடாமல் முன்கூட்டியே அறிந்து சரிசெய்வதுதான் அந்தப் பிரிவின் பணி. குண்டு பாயாத இடத்தில் செய்யப்பட்டாலும் அதுவும் போர்ப் பணியே. அதில் இறந்தவர்களைப் போரில் இறந்தவர்களாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து.

1943 டிசம்பர் 21 அன்று புறப்பட்ட விமானத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்: விமானி ஹரால்ட் ஹாஸ்கின், துணை விமானி கிரேன், புரொபெல்லர் வல்லுநர் ஜேம்ஸ் சிபர்ட், விமானப் பராமரிப்புத் தலைவர் ரிச்சர்ட் பாம்பியோ, வானொலி இயக்குநர் ரால்ஃப் வென்ஸ். பறக்கும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் அதன் புரொபெல்லர் தகடுகள் காற்றைத் தடுக்காதபடி அவற்றை விளிம்பு முன்னோக்கி இருக்குமாறு திருப்பிவிட வேண்டும்; இதற்கு ஃபெதரிங் என்று பெயர். அதிக உயரத்தில், அதிகக் குளிரில் அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதே அன்றைய வேலை. மேகங்களிடையே தெளிந்த வெளி தேடி விமானம் சுற்றிச் சுற்றி 20,000 அடிக்கு மேல் ஏறியது. அந்த உயரத்தில் ஓர் எஞ்சின் பழுதாகி, விமானம் கட்டுப்பாட்டை இழந்து சுழன்றுகொண்டே கீழே இறங்கத் தொடங்கியது. ஹாஸ்கினும் கிரேனும் சேர்ந்து போராடியும் அதை நிமிர்த்த முடியாமற்போகவே, எல்லோரும் குதிக்க வேண்டும் என்று ஹாஸ்கின் ஆணையிட்டார். கிரேனும் பாம்பியோவும் குதித்தனர். பாம்பியோவின் பாராசூட் மலைமுகட்டுக்கு அப்பால் விலகிச் செல்வதைக் கிரேன் பார்த்தார். வேறு பாராசூட் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. விமானம் ஒரு மலைச்சரிவில் மோதி எரிந்தது.

கேள்வி: உணவோ துப்பாக்கியோ இல்லாமல் அந்தக் குளிரில் ஒரு மனிதர் எப்படி இத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? அவரைத் தேடி யாருமே வரவில்லையா? (கோயம்புத்தூர் வாசகி ஒருவர்)

பதில்: தேடினார்கள், ஆனால் தேடிய இடம் வேறு, அவர் இருந்த இடம் வேறு. விமானம் விழுந்தது ஃபேர்பேங்க்ஸுக்குக் கிழக்கே நூறு மைலுக்கும் அப்பால், சார்லி ஆற்றின் பள்ளத்தாக்கில். சுழற்சி தொடங்கிய பிறகு இருப்பிடத்தைச் சொல்லி வானொலிச் செய்தி அனுப்ப வாய்ப்பே கிடைக்கவில்லை. அங்கே டிசம்பர் 21 அன்று பகல் வெளிச்சம் நான்கு மணி நேரம்கூட இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், தேடுவோரின் சிரமம் புரியும்.

கிரேன் இறங்கிய இடத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரி வாக்கில் இருந்தது. அந்த அளவில் பாதரசமே உறைந்துவிடும். பாராசூட்டை மாட்டுவதற்காகக் கழற்றிய கையுறைகள் விமானத்தோடு போய்விட்டன. அவரிடம் மிஞ்சியவை உடலில் இருந்த விமானி உடை, சாரணர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு மடக்குக் கத்தி, நாற்பது தீக்குச்சி அளவில் இரண்டு தீப்பெட்டி அட்டைகள், தந்தை எழுதிய ஒரு கடிதம், பிறகு அந்தப் பாராசூட். உண்பதற்கு ஒரு பருக்கையும் இல்லை. காட்டில் வாழ்ந்து பழகியவரும் அல்லர். நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்.

ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடந்த கட்டைகளைச் சேர்த்து அவர் தீ மூட்ட முயன்றபோது விறகு பற்றவில்லை. வெறுங்கையோடு குச்சியை உரசும் ஒவ்வொரு முறையும் விரல்கள் மரத்துப்போயின. இறுதியில் தந்தையின் கடிதத்தைத்தான் அடியில் வைத்துப் பற்றவைத்தார், நெருப்பு எழுந்தது. அதை அணையவிடாமல் காப்பதே அதன் பிறகு அவருடைய முழுநேர வேலையாயிற்று. பாராசூட்டின் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு தீயருகே படுத்தார். அனல் தணிந்து குளிர் எழுப்பும்போதெல்லாம் விறகு போட்டார். ஆற்று நீரைக் குடித்தார். அணில்களைக் கொல்ல ஈட்டியும் வில்லும் செய்து பார்த்தார், ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தும் விமானம் எதுவும் வராததால், இனி உதவி வராது என்று முடிவு செய்து ஆற்றின் போக்கிலேயே நடக்கத் தொடங்கினார். அந்த முடிவை அவர் இன்னும் சில நாள் தள்ளிப்போட்டிருந்தால் நடக்க வலு இருந்திருக்காது. நடந்த வழியில் ஒரு மரக்குடிலையும், அதன் அருகே விலங்குகளுக்கு எட்டாதபடி கம்பங்களின் மேல் கட்டப்பட்ட ஒரு சேமிப்பு அறையையும் கண்டார். உள்ளே சர்க்கரை, உலர்ந்த திராட்சை, கோகோ, கூடாரத் துணி, கையுறை, ஒரு சிறு துப்பாக்கி, தோட்டா எல்லாம் இருந்தன. பிலடெல்பியாவில் வளர்ந்தவருக்கு, இவ்வளவு பொருள் இருக்கும் இடத்தில் பக்கத்திலேயே ஊர் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதை நம்பி மேலும் நடந்தார். ஊரும் இல்லை, ஆளும் இல்லை. உயிர் போகும் நிலையில் அதே குடிலுக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்.

அந்தக் குடில் ஃபில் பெரெய்ல் என்ற வேட்டைக்காரருடையது. குடிலைப் பூட்டாமல் விடுவதும், உள்ளே உணவும் விறகும் வைத்துவிட்டுப் போவதும் அலாஸ்காவின் உட்பகுதியில் பொறி வைத்து வேட்டையாடுவோரிடையே நிலவிய வழக்கம். தனக்கும் பயன்படும், வழி தவறி வரும் எவருக்கும் பயன்படும் என்பதே அதன் நோக்கம். கிரேனின் மனவுறுதியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவருடைய மன உறுதி அவரைக் குடில் வரைக்கும் கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய இரண்டரை மாதமும் முகம் தெரியாத ஒருவர் சேர்த்து வைத்த சர்க்கரையாலும் திராட்சையாலும்தான் கழிந்தது.

அங்கேயே பல வாரம் தங்கி, உறைந்து புண்ணான கைகால்கள் ஆறும் வரை பொறுத்திருந்து, துப்பாக்கியால் பறவைகளைச் சுட்டு உணவைப் பெருக்கிக்கொண்டார். பிப்ரவரியில், குடிலில் கிடந்த பலகைகளைக் கொண்டு ஒரு சறுக்குவண்டி செய்து அதில் பொருள்களை ஏற்றித் தானே இழுத்தபடி ஆற்றுப் பனியின் மீது கிளம்பினார். வழியில் பனிப்படலம் உடைந்து நீருக்குள் விழுந்தார். உடை உடலோடு உறைவதற்குள் கரையேறி நெருப்பு மூட்டியதால் பிழைத்தார். முதல் நாளில் தந்தையின் கடிதத்தை எரித்துக் கற்றுக்கொண்ட பாடம் இந்த இடத்தில் கை கொடுத்தது. 1944 மார்ச் 10 அன்று நாய்வண்டித் தடம் ஒன்றைக் கண்டு அதைப் பின்பற்றி, ஆல்பர்ட் ஏம்ஸ் என்ற வேட்டைக்காரரின் வீட்டை அடைந்தார். ஏம்ஸ் அவரை நாய்வண்டியில் வுட்சாப்பர் என்ற சுரங்கக் குடியிருப்புக்கு அழைத்துச் செல்ல, அங்கிருந்து ஒரு சிறு விமானம் மார்ச் 14 அன்று அவரை ஃபேர்பேங்க்ஸில் சேர்த்தது. நீங்கள் படிக்கும் 84 நாள் என்ற கணக்கு அந்த நாள் வரைக்குமானது.

கேள்வி: மற்ற நால்வரின் கதி என்ன? விமானியின் உடல் 60 ஆண்டு கழித்துக் கிடைத்தது என்கிறார்களே, கூட இருந்தவரே உயிரோடு திரும்பிய பிறகும் அதைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு காலம்? (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: தனியொருவராகத் தப்பியவர் தனியொரு சாட்சியும் ஆகிவிடுகிறார். ஆனால் அவருடைய சாட்சியம் அவர் விமானத்தை விட்டுக் குதித்த நொடியோடு நின்றுவிடுகிறது. உள்ளே அதன் பிறகு நடந்ததை அவரிடம் எத்தனை முறை கேட்டாலும் விடை வராது. ஹாஸ்கின் விஷயத்தில் நேர்ந்தது இதுதான்.

திரும்பிய சில நாள்களிலேயே கிரேன் விமானத்தில் சென்று விபத்து நடந்த இடத்தை அடையாளம் காட்டினார். 1944 அக்டோபரில் ராணுவக் குழு ஒன்று அங்கே தரைவழியாகச் சென்றடைந்தது. வென்ஸ், சிபர்ட் ஆகிய இருவரின் எச்சங்கள் சிதைவுகளில் கிடைத்தன. ஹாஸ்கினுடையது கிடைக்கவில்லை. கிடைக்காததால், அவரும் குதித்திருக்க வேண்டும், குதித்தபின் காட்டில் இறந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். மெய்ன் மாநிலத்தின் ஹோல்டன் நகரைச் சேர்ந்தவர் அவர். விபத்து நடந்தபோது மனைவி கருவுற்றிருந்தார்; பிறந்த மகள் தந்தையைப் பார்த்ததே இல்லை. தப்பியவர் ஒருவர் இருக்கும்போது அந்தக் குடும்பம் எவ்வளவு ஏக்கத்தோடு அவரை நோக்கியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை என்பதுதான் இரு தரப்புக்கும் நேர்ந்த துன்பம்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு டக்ளஸ் பெக்ஸ்டெட் என்ற வரலாற்றாய்வாளர் இந்தப் புதிரை விடாமல் பற்றிக்கொண்டார். 1994ஆம் ஆண்டில் அவர் ஹெலிகாப்டரில் அங்கே சென்று பார்த்தபோது, சிதைவுகளுக்கிடையே பாராசூட் பட்டைகளின் உலோகக் கொக்கிகள் கிடந்தன. பட்டை எரிந்து போகும், துணி எரிந்து போகும், கொக்கி மிஞ்சும். ஹாஸ்கின் குதிக்கவே இல்லை, கடைசி வரை விமானத்துக்குள்தான் இருந்தார் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது அந்தக் கொக்கிகளால்தான். காணாமற்போன வீரர்களைத் தேடும் அமெரிக்க ராணுவத்தின் தனிப்பிரிவு 2006 கோடையில் அங்கே முகாமிட்டு மண்ணைச் சலித்துத் தேடி எலும்புத் துண்டுகளை எடுத்தது. டி.என்.ஏ. சோதனையில் அவை ஹாஸ்கினுடையவை என்று உறுதியாயிற்று. 2007 செப்டம்பரில் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் ராணுவ மரியாதையோடு அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

குதிக்கச் சொன்னவரே குதிக்கவில்லை. பிறர் வெளியேறும் வரை அவர் இருக்கையை விட்டு எழாமல் இருந்தாரா, அல்லது எழ முயன்றும் சுழற்சியின் அழுத்தத்தில் முடியாமற்போயிற்றா என்று எலும்பும் கொக்கியும் சொல்ல மாட்டா. ஆயினும் அவர் தம் குழுவினரை விட்டுவிட்டு எங்கோ காட்டில் திரிந்து இறந்தவர் அல்லர் என்பது நிலைநாட்டப்பட்டது. அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய செய்தியாக இருந்திருக்காது.

வென்ஸின் பெயர் வயோமிங் மாநிலத்தின் பைன்டேல் நகரிலுள்ள விமான நிலையத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பாம்பியோவைப் பற்றிய தடயம் இன்றுவரை கிடைக்கவில்லை.

கேள்வி: கிரேன் பிற்காலத்தில் என்ன ஆனார்? ஹாஸ்கினின் எச்சங்கள் கிடைத்தது அவருக்குத் தெரியுமா? (தஞ்சாவூர் வாசகி ஒருவர்)

பதில்: தெரியாது. அவர் 2002ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். போருக்குப் பிறகு பிலடெல்பியாவுக்குத் திரும்பி இயல்பான வாழ்க்கை வாழ்ந்தார். அலாஸ்கா நாள்களைப் பற்றிப் பேச அவர் பெரிதும் விரும்பியதில்லை. கூட்டாளிகள் நால்வரும் மாண்ட இடத்திலிருந்து தாம் மட்டும் மீண்டதை ஒரு வீரக்கதையாகச் சொல்ல மனம் வராதவர் என்றே அவரை நான் புரிந்துகொள்கிறேன். அதைக் குறையாக எண்ண எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அந்த விமானத்தின் சிதைவுகள் இன்னும் அங்கே உள்ளனவா? பார்க்க முடியுமா? (சேலம் வாசகர் ஒருவர்)

பதில்: உள்ளன. சார்லி ஆற்றுப் படுகை முழுவதும் இன்று யூகான்–சார்லி ஆறுகள் தேசியப் பாதுகாப்புப் பகுதியில் அடங்கியுள்ளது. 1980ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அந்தப் பகுதியின் பரப்பு சுமார் 25 லட்சம் ஏக்கர். விமானத்தின் பாகங்கள் அதே மலைச்சரிவில் விடப்பட்டிருக்கின்றன. அங்கே செல்லச் சாலை கிடையாது. கோடையில் சிறு விமானத்தில் இறங்கி, மிதவைப் படகில் ஆற்றோடு வருகிறவர்கள் மேலே ஏறிப் போய்ப் பார்ப்பதுண்டு. நினைவுப் பொருளாகக்கூட எதையும் எடுத்துவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. துருப்பிடித்த கொக்கி என்று யாராவது முன்பே எடுத்துப் பைக்குள் போட்டிருந்தால், ஹாஸ்கினின் பெயர் இன்னும் காணாமற்போனோர் பட்டியலில்தான் இருந்திருக்கும்.