குனிய முடியாத வயதில் கால் நகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயதானவர்களின் கால், நகம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேள்விகள் பலவிதம்தான், ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றே. முதுகு வளையவில்லை, பார்வை மங்குகிறது, சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சியும் குறைகிறது, அதனால் தன் காலைத் தானே பார்ப்பதே நின்றுபோகிறது. அந்தக் காலைத் தினமும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. குனிந்தால் மூச்சு முட்டுகிறது. கால் கட்டைவிரல் நகம் தடித்துப்போய் சாதாரண நகவெட்டிக்குள் நுழையவே இல்லை. எப்படி வெட்டுவது?

முதலில் தரையில் உட்கார்ந்து குனிவதை விட்டுவிடுங்கள். சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு சின்ன முக்காலி மேல் வையுங்கள், அல்லது கணுக்காலை எதிர் முழங்கால் மேல் போட்டுக்கொள்ளுங்கள் (இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலை இப்படிக் குறுக்கே போட வேண்டாம்). குளித்த உடனே நகம் மெத்தென்று இருக்கும், அதுதான் நேரம். நல்ல வெளிச்சம் வேண்டும், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தடித்த நகத்துக்கு என்றே இடுக்கி மாதிரி நீளப் பிடி வைத்த வெட்டி கிடைக்கிறது. அதை வைத்து ஒரு ஓரத்தில் தொடங்கி, துளித் துளியாக, நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போங்கள். ஒரே கடியில் முழு நகத்தையும் எடுக்கப் பார்த்தால் அது நெடுக்காகப் பிளந்து சதை வரை போய்விடும்.

ஆனால் உங்கள் நிலைமையில் நான் அதிகம் நம்புவது வெட்டியை அல்ல, அரத்தைத்தான். கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், வயதானால் இன்னும் மெதுவாக. வாரம் ஒருமுறை குளித்தபின் இரண்டு நிமிடம் அரத்தால் நுனியையும் மேல்பரப்பையும் ஒரே திசையில் தேய்த்து வந்தால், வெட்டவேண்டிய அளவுக்கு அது வளர்வதே இல்லை, தடிமனும் மெல்லக் குறையும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் 40 சதவீத யூரியா கிரீமை இரவில் நகத்தின் மேல் மட்டும் தடவிப் பாருங்கள், நன்றாக இளகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் தனியாக வெட்டி எடுக்கும் வேலை வேண்டாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். உங்கள் நகத்தை இன்னொருவர் வெட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிகிறது, சில நேரம் மரத்துப்போகிறது என்கிறார். தினமும் வெந்நீரில் காலை வைத்தால் சுகமாக இருக்கிறதாம். வைக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள்.

எரிச்சலும் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால், பாதத்தின் நரம்புகள் பழுதாகி வருகின்றன என்று அர்த்தம். அந்தக் காலுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. தோல் வெந்துபோகும் அளவுக்கு நீர் சூடாக இருந்தாலும் அம்மாவுக்கு அது இதமாகத்தான் தோன்றும், காலையில் எழுந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும். ஊறவைப்பதே கூடத் தோலை நொதுநொதுப்பாக்கிப் பிறகு வறண்டு வெடிக்க வைக்கிறது. கழுவுவதற்கு மட்டும் வெதுவெதுப்பான நீர், 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, சட்டென்று கழுவி எடுத்துவிட வேண்டும். நீரின் சூட்டை அம்மா காலால் பார்க்கக்கூடாது. நீங்கள் முழங்கையால் பாருங்கள், அல்லது வெப்பமானி வையுங்கள். வெந்நீர்ப் பை, ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டுவது, இதெல்லாமும் கூடாது. எரிச்சலுக்கு டுலாக்ஸெடின், பிரீகாபலின் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், சகித்துக்கொண்டு கிடக்கவேண்டிய வலி இல்லை அது.

அப்புறம், தினமும் இரண்டு பாதத்தையும் பாருங்கள். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்குகள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஈரம், நகத்தோரத்தில் வீக்கம், எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். செருப்போ ஷூவோ போடும் முன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பது கட்டாயம். ஒரு சின்னக் கல் உள்ளே கிடந்தாலும் அவருக்குத் தெரியாது, நாள் முழுக்க அதன் மேலேயே நடப்பார். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். புண் ஏதாவது கண்ணில் பட்டால் "இரண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்காமல் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறது, ஆனால் வலி அவ்வளவாக இல்லை என்றால், அது சார்க்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலை ஊன்றாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை கேளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது.

கேள்வி: நகம் மஞ்சளாகி உதிர்கிறது. நகச்சொத்தை என்று கடையில் மருந்து வாங்கி இரண்டு மாதம் பூசியும் பயன் இல்லை.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது பூஞ்சையே இல்லாமல் இருப்பது. தடித்து நிறம் மாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருகிறது. பழைய அடி, வருடக்கணக்கில் ஷூ அழுத்தியது, சோரியாசிஸ் என்ற தோல் நோய், இவையெல்லாம் பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கும். நகத்தைக் கொஞ்சம் வெட்டி, அடியில் இருக்கும் பொடியையும் சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். சோதிக்காமல் மாத்திரை எடுப்பது, முக்கியமாக இந்த வயதில், எனக்குச் சம்மதம் இல்லை.

இரண்டாவது காரணம் பொறுமை. மருந்து கெட்டுப்போன நகத்தைத் திருத்துவதில்லை, வேரிலிருந்து வரும் புது நகத்தைத்தான் காக்கிறது. கால் கட்டைவிரல் நகம் முழுசாகப் புதிதாக வர 12 முதல் 18 மாதம் ஆகும். மேலே பூசும் நகப்பூச்சு மருந்துகளைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் விடாமல் போட வேண்டியிருக்கும். டெர்பினாஃபின் மாத்திரை வேகமானது, வழக்கமாகத் தினம் 250 மில்லிகிராம், 12 வாரம், ஆனால் தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை வேண்டும், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்றும் பார்க்க வேண்டும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: வலி இல்லை, சர்க்கரை இல்லை, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, வயது 80-ஐத் தாண்டிவிட்டது என்றால், மருந்தே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் சரியான முடிவுதான். நகத்தைக் குட்டையாக, மெலிதாக அரத்தால் வைத்துக்கொண்டாலே போதும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதை மட்டும் விடாமல் குணப்படுத்துங்கள், நகத்துக்குப் பூஞ்சை பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறுகிறது.

கேள்வி: நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி வலிக்கிறது. நடுவில் ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டினால் ஓரம் தானாக மேலே வந்துவிடுமாமே?

வராது. நகம் வேரிலிருந்து முன்னோக்கி வளர்கிறது, நடுவில் வெட்டிய இடத்தை மூட ஓரத்தை இழுத்துக்கொள்ளும் வேலை அதற்குத் தெரியாது. ஓரத்தைத் தோண்டி எடுத்தாலும் அன்றைக்கு வலி குறையும், அடுத்த முறை உள்ளே விடுபட்ட முள் மாதிரித் துண்டு இன்னும் ஆழமாகக் குத்தும். விரல் நுனியை ஒட்டி நேராக வெட்டுங்கள், ரொம்பக் குட்டையாக வேண்டாம், மூலையின் கூர்மையை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். சீழ், சிவப்பு வந்துவிட்டால் மருத்துவர்தான். திரும்பத் திரும்ப வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, அந்த ஓரப் பட்டையை மட்டும் எடுத்து, அங்கே மறுபடி வளராதபடி வேரில் ஃபீனால் என்ற ரசாயனத்தை வைப்பார்கள். அதோடு தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: கால் ஆணிக்கு மருந்துப் பட்டை ஒட்டலாமா? பிளேடால் சீவி எடுத்தால்?

பிளேடு யாருக்குமே கூடாது. அந்தப் பட்டைகளில் இருப்பது சாலிசிலிக் அமிலம், அது ஆணியையும் அரிக்கும், சுற்றியுள்ள நல்ல தோலையும் அரிக்கும். வயதானவர்களின் மெல்லிய தோலில் இது சீக்கிரம் புண்ணாகிவிடும், சர்க்கரை நோயோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் தொடவே வேண்டாம். ஆணி வருவது அழுத்தத்தால். எந்தச் செருப்பு, எந்த எலும்பு அந்த இடத்தில் அழுத்துகிறது என்று பாருங்கள், அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வரும்.

கேள்வி: பித்தவெடிப்பில் ரத்தம் வருகிறது, என்ன பூசுவது?

யூரியா கலந்த கிரீம், 10 முதல் 25 சதவீதம், காலையும் இரவும். விரல் இடுக்கில் மட்டும் பூசாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். கிரீம் பூசிய காலோடு எழுந்து நடக்காதீர்கள்! வழுக்கி விழுந்தால் வெடிப்பைவிடப் பெரிய விஷயம். படுக்கையில் உட்கார்ந்து பூசிக் காலுறை மாட்டிவிடுங்கள், இரவில் எழ வேண்டியிருந்தால் அடியில் பிடிமானம் உள்ள காலுறையாக இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். நகம் வெட்டப் போனால் கத்துகிறார், உதைக்கிறார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வெட்டுகிறோம், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பிடித்துக்கொண்டு வெட்டுவதை நிறுத்துங்கள். அவருக்கு நடந்தது மறந்துபோகலாம், பயம் மறக்காது, அடுத்த முறை இன்னும் மோசமாகும். வயதான தோல் வேறு, பிடித்த இடத்திலேயே கிழிந்துவிடும்.

பத்து நகத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் கைவிடுங்கள். இன்றைக்கு ஒரு விரல், நாளைக்கு இரண்டு, மறுநாள் மனநிலை சரியில்லை என்றால் ஒன்றும் வேண்டாம். அவர் அமைதியாக இருக்கும் நேரம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், பலருக்குக் காலை வேளை, அதைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் ஒரே ஆள் செய்தால் நல்லது. எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள், உதைத்தாலும் படாது, அவருக்கும் யாரோ மேலே பாய்கிற மாதிரி இருக்காது. எடுத்ததும் காலைத் தொடாதீர்கள். கையைப் பிடித்து, "அப்பா, காலுக்குக் கொஞ்சம் கிரீம் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, முழங்காலிலிருந்து கீழே இறங்குங்கள். விரல் நுனியால் தொட்டால் கூசும், உள்ளங்கை முழுவதும் பதிய அழுத்திப் பிடியுங்கள். முதல் சில நாள் கிரீம் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு அரம். வெட்டியின் சத்தமே சிலரைத் திடுக்கிட வைக்கிறது, அரம் அப்படி இல்லை.

ஒருவேளை இத்தனை நாள் காட்டியவர் திடீரென்று காலைத் தொடவிடாமல் அடம் பிடிக்கிறார் என்றால், அது பிடிவாதமாக இருக்காது. வலிக்கிறது, சொல்லத் தெரியவில்லை. உள்ளே இறங்கிய நகம், விரலிடுக்குப் புண், நகச்சுத்தி, ஏதாவது இருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பாருங்கள்.

கேள்வி: கால் நகத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு. அடிபட்ட ஞாபகம் இல்லை.

இன்றே தேதியோடு ஒரு படம் எடுங்கள், அதே சமயம் தோல் மருத்துவரிடம் நேரமும் வாங்குங்கள். ரத்தக்கட்டாக இருந்தால் நகம் வளர வளர அது நுனியை நோக்கி நகரும், பின்னால் நல்ல நகம் தெரியும். கருமையான தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் இப்படிக் கோடு இருப்பது சாதாரணம், பெரும்பாலும் பயமில்லை. ஆனால் வயதான பிறகு ஒரே ஒரு விரலில் புதிதாக வந்தது, அகலமாகிறது, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு பரவுகிறது என்றால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: சாயங்காலமானால் ஷூ பிடிக்கிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கட்டுமா?

அளந்து வாங்குங்கள். வயதாக ஆகப் பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து பாதம் நீளும், அகலும். பலர் முப்பது வருடத்துக்கு முந்தைய அளவையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் போய், நின்றபடி, இரண்டில் பெரிய காலை அளக்கச் சொல்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பின்பக்கம் பிடிப்பில்லாத செருப்பு விழுவதற்கு வழி, ஒட்டுப்பட்டை வைத்தது குனிய முடியாதவர்களுக்கு வசதி.

வீக்கம் புதிது என்றால் அதையும் விடாதீர்கள். இரு காலிலும் என்றால் இதயம், சிறுநீரகம், அல்லது அம்லோடிபின் மாதிரி ரத்த அழுத்த மாத்திரை காரணமாக இருக்கலாம். ஒரே காலில் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவமனை.

கேள்வி: நோய் ஒன்றும் இல்லாவிட்டாலும் பாதத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டுமா? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை?

சர்க்கரை நோய் உள்ளவர்கள், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை. உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்திருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், இரண்டும் சேர்ந்திருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், ஏற்கெனவே ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். மற்றவர்கள் வேறு எதற்காவது மருத்துவரிடம் போகும்போது காலுறையைக் கழற்றிக் காட்டிவிட்டு வாருங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகிறது என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள், அது ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறி. போகும்போது அதிகம் தேய்ந்த பழைய செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், புதியது வேண்டாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.