பதில்: வாலிநோக்கத்துல வச்ச மெஷ் ரேடியோ விடியுறதுக்குள்ள அணைஞ்சுபோகுது

வணக்கம் சகோ. வாலிநோக்கம் கடற்கரையில நீங்க சோலார்ல ஓட்டுற மெஷ் ரேடியோ (செல்போன் டவர் இல்லாமலே ஒண்ணுக்கொண்ணு சேதி கடத்துற சின்ன ரேடியோப் பெட்டி) பகல்ல நல்லா ஓடி, ராத்திரி மூணு மணிக்குச் செத்துப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. சோலார் பேனல் மேல பழி போடாதீங்க, உள்ள இருக்குற போர்டுதான் காரணம். நீங்க வச்சிருக்குற இஎஸ்பி32 சிப் போர்டு சும்மா கேட்டுக்கிட்டு இருக்கவே சுமார் 100 மில்லிஆம்ப் இழுக்கும். ஒரு நாளைக்கு 2400 மில்லிஆம்ப்-மணி ஆச்சு. உங்க ஒத்தை 18650 பேட்டரி செல்லு முழுசா நிறைஞ்சாலே ஏறத்தாழ அவ்வளவுதான்; பகல்ல பாதி நிறைஞ்சா விடியுறவரை தாங்காது. கரண்டைக் கம்மியா குடிக்கிற என்ஆர்எஃப்52840 சிப் போர்டுக்கு மாறுங்க, 10 மில்லிஆம்ப் பக்கம்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில நாலு நாள் மூடாக்கு போட்டாலும் அதே செல் தாங்கும். வள்ளத்துல போனவங்களுக்குச் சேதி போகவேண்டிய நேரமே அதுதானே!

அடுத்து உப்பு. மண்டபம் ஊர்ல நான் வச்ச முதல் பெட்டியை ரெண்டே மாசத்துல திறந்து பார்த்தேன்: ஆன்டெனா மூட்டுல பச்சையா பூஞ்சை மாதிரி களிம்பு, திருகாணி விரல் பட்டதும் உதிருது. மூட்டைச் சுத்தித் தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. பேனல்ல வெள்ளையா படியுற உப்பை வாரம் ஒருதடவை நல்ல தண்ணியில கழுவுங்க. செல்லைப் பேனலுக்குக் கீழ நிழல்ல வைங்க.

ஆன்டெனா 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கானதுதானான்னு பாருங்க, 433-க்கானதை மாட்டியிருந்தா தூரமே போகாது. செட்டிங்ல இந்தியாவைத் தேர்ந்தெடுங்க, 865–867 மெகாஹெர்ட்ஸ் வரும். ஆன்டெனா இல்லாம மட்டும் போர்டை ஆன் பண்ணிடாதீங்க. தென்னந்தோப்பு மறைக்குதுன்னா கம்பத்தை ஓலைக்கு மேல ஏத்துங்க. போர்டை மாத்தினதும் ராத்திரி வோல்டேஜ் எவ்வளவு நிக்குதுன்னு இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.