லென்ஸ் ஓரம் ஏன் உரியுது?

கேள்வி: சின்ன கண்ணாடிக் கடைல வேலை பாக்குறேன் சார். வெயில்ல கறுக்குற போட்டோகுரோமிக், அதுலயே கூச்சத்தைக் குறைக்கிற போலரைஸ்டும் சேர்ந்த லென்ஸ பிளாஸ்டிக் பிரேம்ல மாட்டிக் குடுத்தேன், ரெண்டே வாரத்துல ஓரம் உரியுதுன்னு கஸ்டமர் வந்துட்டார். என் தப்பா?

பதில்: பாதி உங்க தப்பா இருக்கலாம் தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த லென்ஸுக்குள்ள மெல்லிசா ஒரு போலரைஸிங் பிலிம் இருக்கு, அதுக்கு சூடும் ஆகாது இறுக்கமும் ஆகாது, அதனால ஹீட்டர்ல பிரேம மட்டும் காட்டி இளக்கிட்டு அப்புறமா லென்ஸ மாட்டுங்க, மாட்டின பிறகு திரும்ப சூடு காட்டாதீங்க. பெருசா வெட்டிட்டு கட்டைவிரலால அமுக்கித் தள்ளுற பழக்கம் பல கடைல இருக்கு, அதுதான் மோசம், எட்ஜிங் பண்ணும்போதே, அதாவது பிரேம் அளவுக்கு லென்ஸ் ஓரத்த மெஷின்ல வெட்டும்போதே, ஒரு இழை சின்னதா எடுங்க, மெஷின் லென்ஸ இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் பிரஷரையும் குறைங்க. மெட்டல் பிரேம்னா லென்ஸ் ஆடாம நின்னா போதும், ஸ்க்ரூவ நெரிக்காதீங்க.

இன்னொண்ணு, போலரைஸிங் திசையக் காட்டுற 180 டிகிரி மார்க் ரெண்டு லென்ஸ்லயும் நேர் படுக்கையா இருக்கணும், சாஞ்சா ரோட்டு கூச்சம் சரியா குறையாது. கார்க்குள்ள கறுக்கலன்னு யாராச்சும் சண்டைக்கு வந்தா அதுக்கு நீங்க பொறுப்பில்ல, லென்ஸக் கறுக்க வைக்கிற புற ஊதாக் கதிர கார் முன்கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துடும்!